வீட்டுக்குள் வந்த பெரட்டுக்களம்



சுங்கை பூலோவில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி இருக்கிறார். வயது 78. அதில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் பால்மரம் வெட்டியே கழிந்தவை. அவருடைய பேத்தி கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு திங்கட்கிழமை காலை, பேத்தி குளித்துத் தலைவாரி, நல்ல மேற்சட்டை ஒன்றை அணிந்து, சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாட்டி அருகில் வந்து, "ஏம்மா, மணி எட்டரை ஆச்சே, இன்னும் வேலைக்குப் போகலையா?" என்று கேட்டிருக்கிறார். "வேலையிலதான் பாட்டி இருக்கேன்" என்றாளாம் பேத்தி. பாட்டி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படியா, சரி. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துல இந்த வெங்காயத்தக் கொஞ்சம் உரிச்சிக் குடு" என்றாராம்.

பேத்தியே இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, பாட்டி கேட்டதில் தவறு என்ன என்ற எண்ணம்தான் மிஞ்சியது. விடியற்காலை மணி அடித்ததும் பெரட்டுக்களத்தில் போய் நின்று, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்து, மண்டோர் காட்டிய நிரைக்கு நடந்தால்தான் அது வேலை. நாலு மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டியதும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டதும், வேலை முடிந்து வந்து துணி துவைத்ததும் எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை. அப்படிப் பழகிய ஒருவருக்கு, வீட்டை விட்டு இறங்காமலே மாதச் சம்பளம் வாங்கும் வேலை விளங்காமல் போவதில் வியப்பில்லை.

தோட்டக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய வேலைகளில் இருக்கிறார்கள். வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. இந்த முறையில் நமக்கு என்ன கிடைக்கிறது, எது நம் கையை விட்டுப் போகிறது, சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. சுங்கை பூலோ என்றால் மூத்தவர்களுக்கு நினைவுக்கு வருவது ரப்பர் ஆராய்ச்சிக் கழகம். 1925-இல் தோன்றிய அந்தக் கழகத்தின் பரிசோதனைத் தோட்டம் இங்கேதான் இருந்தது. நாடெங்கும் நம்மவர்கள் வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரவகை அந்தக் கழகம் உருவாக்கியதே. அந்த நிலத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் இன்று குவாசா டாமன்சாரா என்ற புதிய நகரமாகிக் கொண்டிருக்கிறது. அதை உருவாக்கும் நிறுவனம் ஊழியர் சேமநிதி வாரியத்துக்குச் சொந்தமானது. நாட்டின் முதல் எம்.ஆர்.டி. இரயில் 2016 டிசம்பர் 16-ஆம் நாள் ஓடத் தொடங்கியபோது, அதன் ஒரு முனை சுங்கை பூலோ நிலையமாக இருந்தது. வேலைக்கு நடந்து போன ஒரு தலைமுறை, பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் போன ஒரு தலைமுறை, இரயிலில் போகும் ஒரு தலைமுறை என மூன்றையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. போகாமலே வேலை செய்யும் பிள்ளைகளை இப்போது பார்க்கிறது.

இந்த முறை நேற்று முளைத்ததன்று. 1962-இல் இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷெர்லி என்ற பெண்மணி ஒரு நிறுவனம் தொடங்கினார். ஜெர்மனியில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் அகதியாக வந்தவர் அவர். கணினிக்கு நிரல் எழுதக் கற்ற பெண்கள், பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு வீட்டில் முடங்கிக் கிடந்த காலம் அது. அவர்களை வீட்டிலிருந்தபடியே எழுதச் சொன்னார். முதலில் சேர்ந்த 300 பேரில் 297 பேர் பெண்கள். வேலை கேட்டுக் கடிதம் எழுதும்போது பெண் பெயரைக் கண்டால் பதிலே வராது என்பதால், 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டார். தொலைபேசி வந்தால், தட்டச்சு ஓசை பதிந்த நாடாவைப் பின்னணியில் ஓடவிடுவாராம், பிள்ளை அழும் சத்தம் மறுமுனைக்குக் கேட்காமல் இருக்க! இன்று நம் பேத்தி கூட்டத்தின் நடுவே ஒலிவாங்கியை அவசரமாக அணைக்கிறாளே, அதற்கு 60 ஆண்டுகளுக்கு முந்திய உருவம் அந்த நாடா.

1973-இல் ஜேக் நில்ஸ் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு பெயரே வைத்தார். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், ஆள் போய் வருவதற்குப் பதிலாகத் தொலைபேசிக் கம்பி வழியே வேலை போய் வரட்டும் என்றார். எண்ணெய் விலை ஏறி உலகமே திண்டாடிய காலம் அது. அப்படியும் முதலாளிகள் பெரிதாக அசையவில்லை.

அவர்களை அசைத்தது நோய். 2020 மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. 'வீட்டிலிருந்து முடியாது' என்று எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட வேலைகள் சில வாரங்களில் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. 2021 ஜனவரி முதல் அரசாங்கமும் தன் ஊழியர்களுக்கென்று வீட்டிலிருந்து வேலை செய்யும் கொள்கை ஒன்றை நடைமுறைப்படுத்தியது. அதே வேளையில், நம் ஊர்ச் சுங்கை பூலோ மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பியிருந்தது. அங்கே பணியாற்றிய தாதியரும் துப்புரவுப் பணியாளரும் ஒரு நாள்கூட வீட்டிலிருந்து வேலை செய்ய முடியவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நோய் தணிந்தது. எல்லாரையும் திரும்ப அழைப்பதா, வீட்டிலேயே விடுவதா என்று நிறுவனங்கள் தடுமாறின. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பல நிறுவனங்கள் நடுவழியைப் பிடித்திருக்கின்றன. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் அலுவலகத்துக்கு வர வேண்டும், மற்ற நாள் வீட்டிலிருந்து செய்யலாம். சில இடங்களில் ஆளுக்கொரு மேசை என்பது போய், வந்தவர் காலியான மேசையில் உட்கார்கிறார். மேசை குறைந்தால் வாடகை குறையும். சில நிறுவனங்கள் இடத்தை மாற்றாமல் நேரத்தை மட்டும் தளர்த்தியிருக்கின்றன. ஏழரைக்கு வந்தால் நாலரைக்குப் போகலாம், ஒன்பதரைக்கு வந்தால் ஆறரைக்குப் போகலாம். 2025 மே மாதம் ஆசியான் உச்சநிலை மாநாட்டுக்காகத் தலைநகரின் சாலைகள் பல மூடப்பட்டபோது, இயன்றவர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விடும்படி அரசாங்கமே முதலாளிகளைக் கேட்டுக்கொண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நோய்க்காகச் செய்ததைச் சாலை நெரிசலுக்காகச் செய்யும் அளவுக்கு இது இயல்பாகிவிட்டது.

நிறுவனங்களைத் தூங்கவிடாத கேள்வி வேறொன்று. கண்ணுக்குத் தெரியாத ஆள் வேலை செய்கிறாரா இல்லையா என்பதை எப்படி அறிவது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதி படைத்தவர் அந்தப் பாட்டிதான் என்று நான் நினைக்கிறேன். பால்மரம் வெட்டுபவர் நாள் முழுதும் யார் கண்ணிலும் படாமல் வேலை செய்பவர். பெரட்டுக்களத்தில் பெயர் பதிந்த பிறகு, சில நூறு மரங்களோடு அவர் தனியாள். மண்டோர் எப்போதாவது ஒரு தடவை வந்து போவார். தோட்ட நிர்வாகம் அவரை மூன்று வகையில் அளந்தது. காலையில் வந்தாரா என்பது பெரட்டில் தெரியும். எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பது ஸ்டோரில் தராசில் தெரியும். தண்ணீர் கலந்திருந்தால் மெட்ரோலாக் என்ற கருவி காட்டிக் கொடுத்துவிடும். மூன்றாவது அளவுதான் முக்கியமானது. மரத்தின் பட்டையைப் பார்ப்பார்கள். பால் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்று உளியை ஆழமாக ஓட்டினால் மரத்தில் காயம் விழும். இன்றைக்கு எடை கூடும். சில ஆண்டுகளில் அந்தப் பக்கம் முண்டும் முடிச்சுமாகி, வெட்டுவதற்கு நல்ல பட்டை இருக்காது.

இன்றைய நிறுவனங்கள் பல முதல் அளவைத் தாண்டவில்லை. கணினித் திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு எரிகிறதா என்று பார்க்கிறார்கள். அதுதான் இந்தக் காலத்துப் பெரட்டு. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வந்தால் பொட்டு மஞ்சளாகிவிடும். ஆகவே பிள்ளைகள் கணினியின் எலியை அசைத்தபடியே சாப்பிடுகிறார்கள். சில நிறுவனங்கள் விசைப்பலகையில் எத்தனை தட்டு என்று எண்ணும் மென்பொருளைக்கூட வைத்திருக்கின்றன. வேறு சில இரண்டாம் அளவுக்கு வந்துவிட்டன. ஒரு நாளில் எத்தனை அழைப்பு, எத்தனை கோப்பு என்று எண்ணுகிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், அழைத்தவரின் குறை தீர்ந்ததோ இல்லையோ, தொலைபேசியைச் சீக்கிரம் வைத்துவிடுபவர்தான் நல்ல ஊழியர். ஆழமாக ஓட்டிய உளிதான் அதுவும். பட்டையைப் பார்க்கும் நிர்வாகி, அதாவது செய்த வேலையின் தரத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர், அன்றும் குறைவு, இன்றும் குறைவு. அப்படி ஒருவர் அமைந்த இடங்களில் வீட்டு வேலைமுறை சண்டை சச்சரவின்றி நடக்கிறது என்பது நான் பலரைக் கேட்டு அறிந்தது.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயமான கவலை உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை, மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் தொழிலைக் கற்கிறது. உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து நிரையில் நின்றார் அல்லவா? திரை வழியே கற்றுக்கொடுப்பது சிரமம். வாடிக்கையாளரின் கணக்கு விவரங்கள் வீட்டு மேசையில் கிடப்பதும் ஆபத்தே.

இனி வீட்டுக்குள் வருவோம். மலிவு விலை அடுக்குமாடி வீடு 700 சதுர அடி. அதில் பாட்டி, பெற்றோர், படிக்கும் தம்பி, வேலை செய்யும் பேத்தி. மேசை ஒன்றுதான். எட்டரை முதல் ஆறு வரை அது அலுவலகம் என்றால் தம்பி எங்கே எழுதுவான்? கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் பாட்டிக்கு மனத்தாங்கல். மின்விசிறி நாள் முழுதும் ஓடுகிறது. முன்பு நிறுவனம் கட்டிய மின்சாரம் இப்போது அப்பாவின் பெயரில் வருகிறது.

லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது ஒரு பழைய கதையை நினைவூட்டும். அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். இரவில் கிராணி ஆள் அனுப்பினால் கதவைத் திறக்காமல் இருக்க முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது நம் குடும்பங்கள் அடைந்த துன்பம் கொஞ்சமன்று. அதிலிருந்து மீண்டு, கடன்பட்டு, நம் பெயரில் ஒரு வீடு வாங்கினோம். அதன் கதவை மூடிக்கொண்டால் முதலாளி வெளியே நிற்க வேண்டும். அந்த உரிமையைச் சம்பாதிக்க இரண்டு தலைமுறை ஆயிற்று. இப்போது இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் 'உடனே பார்க்கவும்' என்று செய்தி வருகிறது.

பெண்களுக்குச் சுமை இரட்டிப்பு. மகன் கணினி முன் உட்கார்ந்தால், 'அண்ணன் வேலையா இருக்கான், சத்தம் போடாதீங்க' என்கிறோம். மருமகளோ மகளோ உட்கார்ந்தால் வெங்காயம் உரிக்கச் சொல்கிறோம். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, என் வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் பேத்தியின் வேலைக்கு மதிப்பு கொடுக்க நிறுவனத்துக்குச் சொல்லும் முன், நாம் கொடுக்க வேண்டும். கதவில்லாத மூலையாக இருந்தாலும் ஒரு துணி மறைப்புக் கட்டி, இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை அங்கே கூப்பிடுவதில்லை என்று வீட்டார் பேசி முடிவு செய்துகொண்டால் பாதித் தொல்லை தீரும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சுங்கை பூலோவிலிருந்து கோலாலம்பூர் நடுவிடத்துக்குப் போய்வர, நிலையத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் எளிதாகக் கரையும். வாரத்தில் மூன்று நாள் போகாமல் இருந்தால் ஆறு மணி நேரம் மிச்சம். அந்த நேரத்தில் பேத்தி பாட்டியை இரத்த அழுத்தச் சோதனைக்குக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறாள். உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கும், கைக்குழந்தையுள்ள தாய்மார்களுக்கும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்த முறை இல்லையேல் வேலையே இல்லை. ஆகவே இது வேண்டுமா வேண்டாமா என்று வாதாடுவதைவிட, எந்த நிபந்தனையில் என்று கேட்பதே பயன் தரும்.

நிபந்தனை என்றதும் சட்டம் வருகிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், அதாவது மலாய் மொழியில் 'அக்தா கெர்ஜா', 2022-இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2023 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்புக்கு வந்தது. அதில் 60பி (ஆங்கில எழுத்து 'பி'), 60கியூ என்று இரண்டு பிரிவுகள் புதிதாகச் சேர்ந்தன. வளைந்து கொடுக்கும் வேலை ஏற்பாடு, மலாய் மொழியில் 'அத்துரான் கெர்ஜா ஃப்ளெக்சிபல்' என்பது இவற்றின் பொருள். வேலை நேரத்தையோ, வேலை நாளையோ, வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி ஓர் ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். கடிதம் கிடைத்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் முதலாளி எழுத்து மூலம் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கூட்டு ஒப்பந்தம் உள்ள இடத்தில், கேட்பது அந்த ஒப்பந்தத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும்.

இதில் ஒளிவுமறைவு வேண்டாம். கேட்க உரிமை உண்டு, கேட்டது கிடைத்தே தீரும் என்று சட்டம் சொல்லவில்லை. எந்தக் காரணம் செல்லும், எது செல்லாது என்று அந்த இரண்டு பிரிவுகளும் வரையறுக்கவில்லை. மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் யார் காசு கட்டுவது என்பதைப் பற்றியும் ஒன்றும் இல்லை. ஆயினும் எழுத்து மூலம் கேட்பதற்கு ஒரு பலன் இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டால், 'பார்க்கலாம்' என்று சொல்லி மூன்று மாதம் ஓட்டிவிடுவார்கள். மார்ச் 1-ஆம் நாள் கடிதம் கொடுத்தால் ஏப்ரல் 30-க்குள் பதில் வர வேண்டும். காரணம் தாளில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம், தொழிலாளர் இலாகாவுக்கும் தொழிற்சங்கத்துக்கும் கொண்டு போகலாம்.

கடிதத்தில் என்ன எழுதுவது என்று சிலர் கேட்கிறார்கள். இப்போதைய நேரமும் இடமும், எதை மாற்ற வேண்டும், எந்த நாளிலிருந்து, எவ்வளவு காலத்துக்கு என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். அந்த மாற்றத்தால் வேலை எப்படித் தடைபடாது என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். மடிக்கணினி நிறுவனம் தருமா, இணையக் கட்டணத்தில் பங்கு உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள். கொடுத்ததற்குக் கையெழுத்தோ மின்னஞ்சல் பதிலோ வாங்கி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். சேமநிதிக் காகிதங்களை எந்தப் பெட்டியில் வைக்கிறோமோ அதே பெட்டியில்.

அடுத்தது கூடுதல் நேரம். அதே திருத்தத்தால் வாரத்து வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இது அலுவலகத்துக்கும் தோட்டத்துக்கும் ஒன்றே. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவருக்கு, வழக்கமான நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. வீட்டிலிருந்து செய்வதால் அந்த உரிமை மறைந்துவிடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். சம்பளம் 2,600 ரிங்கிட். அதை 26-ஆல் வகுத்தால் நாள் கூலி 100. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 12 வெள்ளி 50 காசு. ஒன்றரை மடங்கு என்றால் 18 வெள்ளி 75 காசு. மேலதிகாரி கேட்டுக்கொண்டதால் மாதத்தில் பத்து இரவு இரண்டிரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 20 மணி நேரம், அதாவது 375 ரிங்கிட். 'சும்மா ஒரு சின்ன வேலை' என்று வரும் செய்திகளின் விலை இது. ஆகவே செய்தி வந்த நேரம், செய்து முடித்த நேரம் இரண்டையும் ஒரு புத்தகத்தில் குறித்து வைப்பது நல்லது. பிரான்சு நாட்டில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 முதலும், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புகளிலிருந்து விலகியிருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது.

விபத்து பற்றியும் கேள்விகள் வருகின்றன. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும் வழியில் விபத்து நேர்ந்தால் சொக்சோ பாதுகாப்பு உண்டென்று நாம் அறிவோம். வீட்டிலேயே வேலை செய்யும்போது அடிபட்டால், அது வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் வேலை செய்ய நிறுவனம் இசைந்தது என்ற கடிதம் கையிலிருந்தால் அதைக் காட்டுவது எளிது. இதற்காகவும் அந்தக் காகிதம் வேண்டும்.

இன்னொரு வகையினரும் உண்டு. 'நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, சுயமாக வேலை செய்பவர்' என்று சொல்லி, சேமநிதியும் சொக்சோவும் கட்டாமல், வீட்டிலிருந்து வேலை வாங்குபவர்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலை நேரத்தை அவர்களே கட்டுப்படுத்தினால், கருவியை அவர்களே கொடுத்தால், முறையாகக் காசு கொடுத்து அதுவே உங்கள் வருமானத்தின் பெரும்பகுதியாக இருந்தால், உங்களை ஊழியர் என்றே கருத இடமிருக்கிறது. 2022 திருத்தத்தில் வந்த 101சி பிரிவு இதைச் சொல்கிறது. உண்மையிலேயே சுயமாகத் தையல், பலகாரம், இணைய விற்பனை செய்பவர்கள், சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டத்தில் தாமே சேரலாம். நம் பெற்றோருக்குச் சேமநிதியைத் தோட்ட அலுவலகம் பிடித்துக் கட்டியது. வீட்டிலிருந்து தனியாகத் தொழில் செய்யும் பிள்ளைக்குப் பிடித்துக் கட்ட ஆள் இல்லை. இதை இளம் வயதில் யாரும் பொருட்படுத்துவதில்லை, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

'வீட்டிலிருந்து வேலை' என்ற சொல்லை வைத்து ஏமாற்றுபவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கைப்பேசியில் ஒரு செய்தி வரும். படங்களுக்கு விருப்பம் தெரிவித்தால் காசு என்பார்கள். முதல் நாள் பத்தோ இருபதோ வெள்ளி உண்மையாகவே வந்து சேரும். அங்கேதான் மனம் மயங்கும். பிறகு 'பெரிய வேலை' வேண்டுமானால் முன்பணம் கட்டு என்பார்கள். கட்டிய பணத்தை எடுக்க இன்னும் கட்டு என்பார்கள். வேலைக்குச் சேர ஊழியர் பணம் கட்டுவது எந்த ஊர் வழக்கம்? சிலர் பணம் கேட்பதில்லை, வங்கி அட்டையையும் கணக்கையும் 'வாடகைக்கு' கேட்பார்கள். மலாய் மொழியில் அதை 'ஆக்காவுன் கெல்டாய்', கழுதைக் கணக்கு என்கிறார்கள். அதைக் கொடுத்தவர்தான் முதலில் நீதிமன்றத்தில் நிற்பார். பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் வங்கிக்கும், 997 என்ற எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்துக்கும் தாமதமின்றி அழையுங்கள். வெட்கப்பட்டு ஒரு நாள் காத்திருந்தால் பணம் பல கணக்குகளைத் தாண்டிவிடும்.

இத்தனையும் கணினி முன் உட்காருபவர்களின் கதை. செம்பனைக் குலை வெட்டுபவரும், பாதுகாவலரும், பேருந்து ஓட்டுபவரும் வேலையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அலுவலகம் பாதி காலியானால், அதைக் கூட்டித் துடைத்த அம்மாவுக்கு வேலை நாள் குறைகிறது. எதிரில் நாசி லெமாக் விற்றவருக்கு வியாபாரம் படுக்கிறது. நம் குடும்பங்களில் ஒரே வீட்டில் இரண்டும் நடக்கிறது. மகள் வீட்டில் இருந்து வேலை செய்கிறாள், தாய் அதே மாதிரி ஒரு கட்டடத்தைத் துடைக்கப் போகிறாள். ஆனால் முன்பு சொன்ன சட்டப் பிரிவு இடத்தை மட்டும் பேசவில்லை, நேரத்தையும் நாளையும் பேசுகிறது என்பதைக் கவனியுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஏழுக்குப் பதில் எட்டு மணிக்கு வர அனுமதி வேண்டும் என்று தொழிற்சாலையில் வேலை செய்யும் தாயும் எழுதிக் கேட்கலாம். இந்த உரிமை மேசை வேலைக்காரர்களுக்கு மட்டும் என்று பலர் எண்ணிக்கொண்டிருப்பதால், கேட்காமலே இருக்கிறார்கள்.

அந்தப் பேத்தி கடிதம் எழுதினாள். தமிழில் யோசித்து, மலாயில் எழுதி, என்னிடம் காட்டினாள். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவும், காலை ஏழரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடிக்கவும் கேட்டிருந்தாள். 52-ஆவது நாள் பதில் வந்தது. மூன்று நாளுக்கு இசைவு. நேரத்தை மாற்ற முடியாது, வாடிக்கையாளர் அழைப்பு ஆறு மணி வரை வருகிறது என்பது காரணம். இணையக் கட்டணம் பற்றி ஒரு வரியும் இல்லை. அவள் அதற்கு மறுபடி எழுதப் போகிறாள்.

பாட்டி அந்தக் கடிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். மலாய் படிக்கத் தெரியாது, ஆனால் முத்திரையைத் தடவிப் பார்த்தார். "எந்த மூணு நாளும்மா?" என்று கேட்டார். திங்கள், புதன், வெள்ளி என்றாள் பேத்தி. பாட்டி நாள்காட்டியை எடுத்துவரச் சொல்லி, அந்த நாள்களில் பென்சிலால் கோடு போட்டார். செவ்வாயும் வியாழனும் வெங்காயத்துக்கு என்றார்.